கோட்டைப் பார்த்துச் சமன்பாடு எழுத வைப்பது எப்படி

ஒய் = 2எக்ஸ் + 3 என்று கொடுத்து வரைபடம் வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில்கூட வரைந்துவிடுவார்கள். அட்டவணை போடுவார்கள், புள்ளி வைப்பார்கள், ஸ்கேலை வைத்து ஒரு இழுப்பு, முடிந்தது. அதே கோட்டை நாம் வரைந்து நீட்டி, "இதோட சமன்பாடு என்ன?" என்று கேட்டால்தான் பேனா மூடியைக் கடிக்க ஆரம்பிக்கிறார்கள். பாலக்கோட்டில் வீட்டு மாடியில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் இதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. அதைத் தள்ளிவிட நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும், தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்ட அக்காக்களுக்கும் இது உதவும். (போனில் தட்டுகிறேன், அதனால் எக்ஸ், ஒய் எல்லாம் வாயால் சொல்கிற மாதிரியே இருக்கும். நோட்டில் வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள்.)

ஏன் திணறுகிறார்கள் என்று பார்த்தால், சமன்பாட்டிலிருந்து கோட்டுக்குப் போகிற பழக்கம்தான் அவர்களுக்கு அதிகம், திரும்பி வந்து பழக்கமில்லை. அதோடு இயற்கணிதம் ஒரு பாடம், வரைபடம் வேறு பாடம் என்று மனதில் தனித்தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கணிதர்கள் டெக்கார்ட்டும் ஃபெர்மாவும் வந்து இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிற வரை பெரிய பெரிய கணித மேதைகளே அப்படித்தான் வைத்திருந்தார்கள். டெக்கார்ட்டின் வடிவியல் நூல் வந்தது 1637இல். நம் பிள்ளைக்கு இரண்டு வாரம் கொடுக்கலாம்.

முதல் இரண்டு நாள் சூத்திரம் கிடையாது. ஒய் = எம்எக்ஸ் + சி என்பதைப் பலகையில் எழுதவே மாட்டேன். எழுதிய உடனே பிள்ளைகள் கோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எம் எங்கே, சி எங்கே என்று கேள்வித்தாளில் எண்ணைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பதில் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போக ஒரு பிக்கப் வண்டி. வந்து நின்றாலே 300 ரூபாய், அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பெட்டிக்கும் 20 ரூபாய். (தொகை கணக்குக்காக வைத்தது, யாரும் இதைக் காட்டி வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.) இந்தத் தொகைகளைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. கீழே பெட்டிகள், பக்கவாட்டில் ரூபாய் என்று அச்சுகளைப் போட்டு, கோட்டை மட்டும் வரைந்து கொடுத்துவிட வேண்டும். அப்புறம் கேள்விகள். ஒரு பெட்டிகூட ஏற்றாவிட்டால் எவ்வளவு? 10 பெட்டிக்கு? 20 பெட்டிக்கு? 10இலிருந்து 20 போனதில் எவ்வளவு கூடியது, அப்படியானால் ஒரு பெட்டிக்கு எவ்வளவு கூடும்?

300, 500, 700 என்று கோட்டிலிருந்தே படித்துச் சொல்லிவிடுவார்கள். பத்துப் பெட்டிக்கு 200 கூடினால் ஒன்றுக்கு 20. அதை அவர்கள் வாயாலேயே ஒரு வரியாகச் சொல்ல வையுங்கள்: "மொத்தப் பணம் = 300 + பெட்டிக்கு 20." சரி, மொத்தப் பணத்துக்கு ஒய் என்றும் பெட்டிக்கு எக்ஸ் என்றும் பெயர் வை. ஒய் = 20எக்ஸ் + 300. "சார், இவ்ளோதானா?" என்ற குரல் கட்டாயம் வரும். வந்த பிறகு அந்த 300க்கு ஒய் வெட்டுத்துண்டு (சூத்திரத்தில் சி) என்றும், 20க்குச் சாய்வு (சூத்திரத்தில் எம்) என்றும் பெயர் சொல்லுங்கள். பொருள் கையில் கிடைத்த பிறகு பெயர் சொன்னால் ஒட்டிக்கொள்கிறது.

இதே தக்காளி வரைபடத்தில்தான் நான் ஒரு தடவை பலகை முன்னால் நின்று அசடு வழிந்தேன். கிடைமட்டத்தில் 1 செ.மீ.க்கு 5 பெட்டி, செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 ரூபாய் என்று அளவுத்திட்டம் வைத்திருந்தேன். (0, 300)இலிருந்து (10, 500)க்குப் போக வலது பக்கம் 2 கட்டம், மேலே 2 கட்டம். அவசரத்தில் கட்டத்தை எண்ணி, "ரெண்டு நட, ரெண்டு ஏறு, சாய்வு 1" என்று சொல்லி ஒய் = எக்ஸ் + 300 என்று எழுதிவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "சார், அப்ப ஒரு பெட்டிக்கு ஒரு ரூபாயா? அந்த வண்டி நம்பர் குடுங்க, எங்கப்பாகிட்ட குடுக்கிறேன்." வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கோட்டைத் தொடுவதற்கு முன்னால் தாளின் மூலையில் அளவுத்திட்டத்தைப் படித்து, "கீழே ஒரு கட்டம் 5 பெட்டி, மேலே ஒரு கட்டம் 100 ரூபாய்" என்று பிள்ளை சத்தமாகச் சொல்ல வேண்டும். சாய்வுக்காக வரைகிற சின்ன முக்கோணத்தின் பக்கங்களிலும் 2 கட்டம், 2 கட்டம் என்று எழுதக் கூடாது. 10 பெட்டி, 200 ரூபாய் என்று பொருளோடு எழுத வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சாய்வைத் தலைகீழாகப் போடுகிற வியாதி பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, கீழே இருக்க வேண்டியதை மேலே போட்டுவிடுவார்கள். பொருளோடு எழுதினால் 10 பெட்டி வகுத்தல் 200 ரூபாய் என்று வந்து நிற்கும்போது "ரூபாய்க்கு எத்தனை பெட்டி"ன்னு படிக்க வேண்டியிருக்கும், காதுக்கே இடிக்கும், தானாகத் திருத்திக்கொள்வார்கள். வெறும் எண்கள் மட்டும் உள்ள கணக்குக்கு "முதலில் நட, அப்புறம் ஏறு, ஏறினதை நடந்ததால் வகு" என்ற ஒரு வரி போதும்.

அடுத்து, எந்த இரண்டு புள்ளி. கோட்டின் மேல் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்தான், ஆனால் பிள்ளைகள் எடுக்கிற இடத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். கட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து 2.3ஆ 2.4ஆ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் கோடு வரைபடத்தாளின் தடித்த கோடுகள் இரண்டு குறுக்கே வெட்டுகிற இடத்தில் சரியாகப் போகிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள், பென்சில் நுனியைக் கோட்டின் மேலேயே ஊர்த்திக்கொண்டு போனால் அப்படி இரண்டாவது கிடைத்துவிடும். கிடைக்கிறவற்றில் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கிற இரண்டை எடுக்க வேண்டும். ஏன் தூரம்? 1 செ.மீ. இடைவெளியில் எடுத்து 1 மி.மீ. தப்பாகப் படித்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. 10 செ.மீ. இடைவெளியில் அதே 1 மி.மீ. தப்பு நூற்றில் ஒரு பங்குதான். இதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒரே கோட்டுக்கு ஒருத்தனைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியிலும் இன்னொருத்தனைத் தூரத்துப் புள்ளிகளிலும் சாய்வு கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் நாம் வாயே திறக்க வேண்டாம்.

இன்னொன்று, சோதனை அளவீடுகளை வைத்து வரைந்த கோடாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல் இருக்காது. அப்போது அட்டவணையில் உள்ள புள்ளியை எடுக்கக் கூடாது, கோட்டின் மேல் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அறிவியல் வாத்தியார்கள் இதற்கு எனக்கு நன்றி சொல்லுவார்கள்.

இப்போது குறை எண் சாய்வு. இறங்குகிற கோட்டுக்குக் குறைக் குறி போட மறப்பதுதான் நான் அதிகம் திருத்துகிற தப்பு. இங்கே தொப்பூர் கணவாய் கைகொடுக்கும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் அதில் பஸ்ஸில் போகாதவர்கள் குறைவு. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்த இறக்கத்தில் லாரிகள் கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பார்கள். தாளின் இடது பக்கம் தர்மபுரி, வலது பக்கம் சேலம் என்று வைத்து ஒரு இறங்குகோடு வரைந்தால், நடக்க நடக்க உயரம் குறைகிறது, ஆகவே சாய்வு குறை எண். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

தலையாட்டாமல் ஒருத்தன் கேட்டான்: "சார், சேலத்துலேர்ந்து திரும்பி வந்தா ஏத்தம்தானே, அப்ப பிளஸ்ஸா?" நல்ல கேள்வி, இதை அமுக்கிவிடாதீர்கள். ரோடு ஒன்றுதான், அதன் சாய்வு போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று இருந்தால் சமன்பாடும் இரண்டு எழுத வேண்டி வரும். பலகையில் போட்டுப் பார்த்தோம். (0, 8)இலிருந்து (6, 4)க்குப் போனால் நடந்தது +6, ஏறியது −4, சாய்வு −4/6, அதாவது −2/3. திரும்பி வந்தால் ஏறியது +4, ஆனால் வலமிருந்து இடமாக வந்ததால் நடந்தது −6. +4/−6, மறுபடியும் −2/3. எந்தப் பக்கம் நடந்தாலும் சரி, நடையின் குறியையும் சேர்த்து எழுதினால் விடை மாறாது. மாறுவது எப்போது என்றால், ஏறியதைத் திரும்பி வரும் வழியிலும் நடந்ததைப் போகும் வழியிலும் எடுத்துக் கலந்துகட்டும்போது. ஒய்2 − ஒய்1 என்று மேலே எழுதிவிட்டுக் கீழே எக்ஸ்1 − எக்ஸ்2 என்று எழுதுகிறார்களே, அந்தத் தப்பும் இதுதான். பழகுகிற வரை எப்போதும் இடமிருந்து வலமாகவே நடக்கச் சொல்லுங்கள், குழப்பம் குறையும்.

வெட்டுத்துண்டு பார்ப்பது சுலபம் என்று நினைப்போம், ஒய் அச்சைக் கோடு எங்கே வெட்டுகிறதோ அந்த எண், அவ்வளவுதானே. மேலே உள்ள கோட்டுக்கு அது 8, ஆக ஒய் = −2/3 எக்ஸ் + 8. ஆனால் தாளின் இடது ஓரத்தில் இருக்கிற செங்குத்துக் கோடெல்லாம் ஒய் அச்சு இல்லை. எக்ஸ் 0 ஆக இருக்கிற இடம் மட்டும்தான் ஒய் அச்சு. இதைப் புரியவைக்க நான் கிருஷ்ணகிரி அணையைக் கூப்பிடுவேன். கீழே ஜூலை மாதத் தேதிகள், பக்கவாட்டில் அணையின் நீர்மட்டம் அடியில். வரைபடம் 10ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. 10ஆம் தேதி 42 அடி, 18ஆம் தேதி 46 அடி, நடுவில் நேர்கோடு. (மட்டங்கள் என் கற்பனை.) சாய்வு 4/8, அதாவது நாளுக்கு அரை அடி. இது எல்லோருக்கும் வந்துவிடும். அப்புறம் பத்தில் எட்டுப் பேர் ஒய் = 0.5எக்ஸ் + 42 என்று எழுதுவார்கள், ஏனென்றால் கோடு தொடங்குகிற இடத்தில் 42 இருக்கிறது.

தப்பு என்று சொல்லாதீர்கள். "சரி, 10ஆம் தேதிக்கு உன் சமன்பாடு என்ன சொல்லுது, போட்டுப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். 5 + 42 = 47 என்று வரும். படத்தில் 42. அப்போது விழிக்கிற விழி இருக்கிறதே, பாடம் அங்கேதான் நடக்கிறது. இடது ஓரம் 10, அது 0 இல்லை. 10 நாள் பின்னால் போனால் 5 அடி குறைய வேண்டும், 42 − 5 = 37. ஒய் = 0.5எக்ஸ் + 37. 18 போட்டால் 9 + 37 = 46, சரி. அணையின் மொத்த உயரம் 52 அடி என்பது கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குத் தெரியும், "அப்ப எப்ப நிரம்பும்?" என்று கேட்டால் 0.5எக்ஸ் = 15, எக்ஸ் = 30, ஜூலை 30 என்று பரபரவென்று போடுவார்கள். தென்பெண்ணையில் தண்ணீர் இப்படி அளந்து அளந்து வராது என்பது அவர்களுக்கும் தெரியும், இருந்தாலும் சமன்பாடு ஒன்று கையில் இருந்தால் படத்தில் இல்லாத நாளையும் கேட்கலாம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

வெட்டுத்துண்டைக் கண்ணால் படிக்க முடியாத கோடுகளும் வரும். (2, 1), (7, 4) வழியாகப் போகிற கோட்டை வரைந்து பாருங்கள். ஒய் அச்சை 0க்குக் கொஞ்சம் கீழே வெட்டும், எவ்வளவு கீழே என்று கண்ணால் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் புள்ளி-சாய்வு வடிவத்தை (ஒரு புள்ளியையும் சாய்வையும் வைத்துச் சமன்பாடு எழுதுகிற வழி) அறிமுகப்படுத்த வேண்டும், அதற்கு முன்னால் கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடச் சூத்திரம்தான். சாய்வு 3/5. ஒய் − 1 = 3/5 (எக்ஸ் − 2). குறுக்கே பெருக்கினால் 5ஒய் − 5 = 3எக்ஸ் − 6, ஒழுங்குபடுத்தினால் 3எக்ஸ் − 5ஒய் − 1 = 0. எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் = −1/5. கால் கட்டம்கூட இல்லை, அதைக் கண்ணால் படிக்கிறேன் என்று நின்றால் −0.5 என்றோ 0 என்றோ எழுதியிருப்பார்கள். நான் சொல்கிற விதி இதுதான்: வெட்டுத்துண்டு கட்டத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் தொடாதே, நல்ல புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டு சாய்வோடு போ. இரு புள்ளி வடிவம் என்று தனியாக ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. அதுவும் இதையே ஒரே வரியில் செய்வதுதான். என் பிள்ளைகளில் அதை விரும்புகிறவர்கள் குறைவு, நான் கட்டாயப்படுத்துவதில்லை.

படுக்கைக் கோடு, நட்டுக்குத்தான கோடு இரண்டுக்கும் அதிக நேரம் வேண்டாம். அந்தக் கோட்டின் மேல் மூன்று புள்ளிகளைச் சொல்லச் சொல்லுங்கள். (3, 0), (3, 2), (3, 5). எது மாறவே இல்லை? எக்ஸ். அப்படியானால் எக்ஸ் = 3, அவ்வளவுதான். நடை 0 என்பதால் சாய்வுக்கு வகுக்க முடியாது, அதனால்தான் அதை வரையறுக்கப்படாதது என்கிறோம். "சாய்வு 0" என்று எழுதினால் அது படுக்கைக் கோடு.

பத்தாவது படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வியில் நேர் மாறுபாடு வந்தால் ஒய் = கேஎக்ஸ் என்று எழுதுகிறீர்களே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போவதால் வெட்டுத்துண்டு 0, அந்தக் கேதான் சாய்வு. இதைக் காட்டினால் ஆயத்தொலை வடிவியலில் வருகிற கோட்டுச் சமன்பாடுகள் பாதி பழகியவையாகத் தெரியும்.

எழுதிய சமன்பாட்டைச் சோதிக்காமல் அடுத்த கணக்குக்கு விடாதீர்கள். சமன்பாடு கண்டுபிடிக்க எடுத்த இரண்டு புள்ளிகளைப் போட்டுப் பார்த்தால் போதாது. தொடாத மூன்றாவது புள்ளி ஒன்றைப் படத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். ஒய் = −2/3 எக்ஸ் + 8க்கு (3, 6) போட்டால் −2 + 8 = 6, சரி. அதற்கும் முன்னால், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு பார்வை, அது சாய்வின் குறியோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை. அரை நிமிஷ வேலைக்கு ஒரு மதிப்பெண் மிச்சம்.

பயிற்சிக்கு எங்கள் மாடியில் ஓடுகிற விளையாட்டு ஒன்று. மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுவேன். முதல் ஆள் வரைபடத்தாளில் ஒரு கோடு வரைந்து, அளவுத்திட்டம் எழுதி, இரண்டாவது ஆளிடம் கொடுப்பான். இரண்டாவது ஆள் சமன்பாட்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அளவுத்திட்டத்தோடு மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு முதல் படத்தைக் காட்டக் கூடாது. துண்டுத் தாளை மட்டும் வைத்து இன்னொரு வரைபடத்தாளில் கோடு வரைவான். அப்புறம் இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்போம். அச்சுகள் பொருந்தியதும் கோடுகள் ஒன்றாக மறைந்தால் கைத்தட்டல், பிரிந்து நின்றால் யார் சறுக்கினார்கள் என்று கண்டுபிடிக்கிற சண்டை. சாய்வு சரியாகி வெட்டுத்துண்டு தப்பியிருந்தால் இரண்டும் இணையாக நிற்கும், வெட்டுத்துண்டு சரியாகிச் சாய்வு தப்பியிருந்தால் ஒய் அச்சில் ஒட்டி அப்புறம் பிரிந்து போகும். இரண்டு தடவை விளையாடினால் தப்பின் வடிவத்தைப் பார்த்தே காரணம் சொல்கிறார்கள். நான் பத்து நாள் விளக்கினாலும் இது வராது.

எல்லாம் பழகிய பிறகு ஒரே சமன்பாட்டில் அடங்காத கோடு ஒன்றையும் கொடுங்கள். எங்கள் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடாத தெரு கிடையாது, ஆழம் கூடக் கூட அடிக்கு ரேட்டும் கூடும். முதல் 300 அடி வரை அடிக்கு 80 ரூபாய், அதற்கு மேல் போகிற அடிகளுக்கு 90 என்று வைத்து வரைந்தால், 300இல் கோடு லேசாக நிமிரும். முதல் பகுதிக்கு ஒய் = 80எக்ஸ். 300 அடியில் 24,000 ரூபாய். இரண்டாவது பகுதிக்கு ஒய் − 24000 = 90 (எக்ஸ் − 300), சுருக்கினால் ஒய் = 90எக்ஸ் − 3000. 400 அடிக்குப் போட்டால் 33,000, சரியாக வருகிறது.

போன வாரம் ஒருத்தன் இதை அழகாகப் போட்டு முடித்துவிட்டு நோட்டையே முறைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "எக்ஸ் 0 போட்டா மைனஸ் 3000 வருது சார். போரே போடலைன்னா வண்டிக்காரர் நமக்கு மூவாயிரம் தரணுமா?" பென்சிலை வாங்கி, 300க்கு இடது பக்கம் அந்த இரண்டாவது கோட்டைப் புள்ளி புள்ளியாக நீட்டி, ஒய் அச்சை அது எங்கே வெட்டுகிறது என்று காட்டினேன். "இந்தப் புள்ளிக்கோடு கணக்குல மட்டும்தான் இருக்கு, பில்லுல இல்லை" என்றேன். அவன் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டு, சமன்பாட்டுக்குப் பக்கத்தில் "300க்கு மேல்" என்று எழுதிக்கொண்டான்.